ஆக்கர் கடைக்குப் போகும் பிளாப்பிகளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் அச்சகங்களிலும் சபை அலுவலகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் பீரோவின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய பிளாப்பிகள், அதாவது அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கோப்புகளைச் சேமித்த தட்டுகள், கிடக்கும். ஞானஸ்நானப் பதிவேடு, உறுப்பினர் பட்டியல், வரவு செலவு, ஆண்டு மலர் என்று யாரோ ராத்திரி பகலாகத் தட்டச்சு செய்து வைத்தவை. வெள்ளையடிக்கும் சமயத்தில் டப்பாவோடு ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்கு, போகின்றன. "இதை இனி எந்தக் கம்ப்யூட்டரில் போட?" என்பதற்கு யாரும் பதில் சொல்லாததுதான் காரணம். பதில் உண்டு. அந்தக் கால மென்பொருட்களுக்கென்று சில குணங்கள் இருந்தன. அவை தெரிந்தால் பாதிக்கு மேல் கோப்புகளை மீட்கலாம். தெரியாமல் கை வைத்தால் நல்ல கோப்பும் போய்விடும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் தட்டு. வளைகிற 5.25 அங்குலத் தட்டில் 360 கேபி, 1.2 எம்பி என்று இரண்டு வகை. கெட்டி உறைக்குள் இருக்கும் 3.5 அங்குலத்தில் 720 கேபி, 1.44 எம்பி. பின்னதை அடையாளம் காண, மூலையில் இரண்டு ஓட்டை இருந்தால் 1.44, ஒன்றுதான் என்றால் 720. இந்த 1.44 என்பதே ஒரு விசித்திரக் கணக்கு. 80 தடம், 2 பக்கம், தடத்துக்கு 18 பகுதி, பகுதிக்கு 512 பைட், பெருக்கினால் 14,74,560. இதை 1024ஆல் ஒரு தரமும் 1000ஆல் ஒரு தரமும் வகுத்தால்தான் 1.44 கிடைக்கும். இரண்டு அளவுகோலைக் கலந்து பெயர் வைத்தவர் யாரோ!

படிக்க முயலும் முன் எழுத்துத் தடுப்பைப் போடுங்கள். இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள், ஏனென்றால் இரண்டும் நேர் எதிர். 5.25இல் ஓரத்து வெட்டை ஸ்டிக்கரால் மூடினால் பாதுகாப்பு, திறந்திருந்தால் எழுதலாம். 3.5இல் சன்னல் திறந்திருந்தால் பாதுகாப்பு, மூடினால் எழுதலாம்.

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டும் கொட்டுகிற மாவட்டம் இது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று வேறு. அதனால் தட்டில் பூசணம் நிச்சயம் எதிர்பார்க்கலாம். நடு வளையத்தை விரலால் மெல்லச் சுற்றி, சன்னல் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ மங்கலான வட்டமோ தெரிந்தால் டிரைவில் சொருகவே கூடாது. பூசணம், தட்டைப் படிக்கும் தலைமுனையில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல தட்டையும் கீறிவிடும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக லேசாகத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே போட வேண்டும். கை கழுவும் சானிட்டைசர் ஆகாது. அதிலுள்ள கிளிசரின் படலமாகத் தங்கிவிடும். சந்தேகமான தட்டு ஒவ்வொன்றுக்குப் பிறகும் டிரைவின் தலைமுனையையும் துடையுங்கள்.

3.5 அங்குலத் தட்டுக்கு யுஎஸ்பி டிரைவ் கிடைக்கிறது. 5.25க்கு அது கிடையாது. பழைய மதர்போர்டும் 34 முனைக் கேபிளும் வேண்டும், அல்லது டிரைவை யுஎஸ்பியில் இணைக்கும் கிரீஸ்வீசல் என்ற சின்னப் பலகை வேண்டும். கேபிளைத் தலைகீழாகச் சொருகிவிட்டால் டிரைவின் விளக்கு அணையாமல் எரியும். அந்த நிலையில் தட்டைப் போடாதீர்கள். சமிக்ஞைக் கம்பிகள் எல்லாம் தரையோடு சேர்ந்திருப்பதால் 'எழுது' என்ற ஆணையும் அமலில் இருக்கும். போட்ட தட்டு அழியும்.

தட்டைச் சொருகியதும் விண்டோஸ், "இது ஃபார்மேட் ஆகவில்லை, ஃபார்மேட் செய்யவா?" என்று பவ்வியமாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். எத்தனையோ பதிவேடுகள் உயிர்விட்ட இடம் இது. கோப்புகளை நேரடியாகத் திறக்காமல் முழுத் தட்டையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுத்துக்கொண்டு, பிறகு அந்தப் பிம்பத்தில் வேலை செய்வதே முறை. லினக்ஸில் உள்ள டிடி ரெஸ்கியூ நிரல் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம் பிடிக்கும் பகுதிகளுக்குப் பின்னால் திரும்பி வரும்.

360 கேபி தட்டில் இன்னொரு வில்லங்கம். 1.2 டிரைவின் தலைமுனை ஒல்லி. அதில் எழுதிய 360 தட்டில் பழைய அகலத் தடத்தின் இரண்டு விளிம்பும் அழியாமல் நிற்கும். 360 டிரைவில் போட்டால் புதுசும் பழசும் சேர்ந்து காதில் விழுந்து, "அபார்ட், ரீட்ரை, ஃபெயில்" என்று புலம்பும். அதே தட்டை 1.2 டிரைவில் போட்டால் பெரும்பாலும் ஒழுங்காகப் படிக்கும்.

பழைய கம்ப்யூட்டரையே உயிர்ப்பிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "கீபோர்டு இல்லை, தொடர எஃப்1ஐ அழுத்தவும்" என்று அது சொன்னால் சிரித்துவிட்டுக் கீபோர்டை மாட்டுங்கள். ஆனால் "நான் சிஸ்டம் டிஸ்க்" என்று வந்தால் சிரிக்க வேண்டாம். டிரைவில் பிளாப்பி மறந்து கிடக்கிறது, அதன் முதல் பகுதியிலுள்ள நிரல் ஏற்கெனவே ஓடிவிட்டது என்று அர்த்தம். அந்தக் காலத்து பூட் வைரஸ்கள் பரவிய வழி அதுவே. ஜனவரி 5 அன்று "ஹேப்பி பர்த்டே ஜோஷி என்று டைப் செய்" என்று மிரட்டிய ஜோஷி வைரஸும் அந்த ரகம்.

கோப்புகளின் தேதியை வைத்து எது கடைசிப் பிரதி என்று முடிவு செய்யாதீர்கள். கடிகாரம் இல்லாத இயந்திரங்களில், விண்டோஸுக்கு முந்தின இயக்க மென்பொருளான டாஸ் ஒவ்வொரு தடவையும் தேதி கேட்கும். அவசரத்தில் என்டரைத் தட்டிவிட்டுப் போவார்கள். அதனால்தான் 1980 ஜனவரி 1 அன்று உலகமே உட்கார்ந்து தட்டச்சு செய்தது போலக் கோப்புகள் கிடக்கின்றன.

இனி கோப்புகளுக்குள் போவோம். வேர்டுஸ்டார் என்ற தட்டச்சு மென்பொருள் 1978இல் வந்தது. ஆங்கிலக் கடிதம், தீர்மானம், நிகழ்ச்சிக் குறிப்பு எல்லாம் அதில்தான் அடித்தார்கள். அந்தக் கோப்பை இன்று நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் கோணல்மாணலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடுவார்கள். ஒன்றும் கெடவில்லை. ஆங்கில எழுத்துகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள் போதும். பைட்டில் எட்டாவது இடம் சும்மா கிடக்கும். வரியை இரு ஓரமும் சமமாக நிரப்பும்போது எங்கே சொல் முடிகிறது என்று ஓர்மை வைத்துக்கொள்ள வேர்டுஸ்டார் அந்தச் சும்மா இடத்தை எடுத்துக்கொண்டது. கடைசி எழுத்தின் எண் 101 என்றால் 128 கூட்டி 229 ஆக்கி வைக்கும். கழித்தால் எழுத்து திரும்பிவிடும்.

ஆனால் எடுத்த எடுப்பில் எல்லாவற்றிலும் கழிக்கக் கூடாது. வரிசை முக்கியம். மென்பொருள் தானாக மடக்கிய வரி 141, 10 என்று முடியும். ஆள் என்டர் தட்டிய வரி 13, 10 என்று முடியும். முதலில் 141, 10 ஜோடியை ஒரு இடைவெளியாக மாற்றுங்கள். பிறகு 128ஐக் கழியுங்கள். முறை மாறினால் 141ம் 13 ஆகி, பத்தி எங்கே முடிகிறது என்று கடவுளுக்கும் தெரியாது. 2 தடித்த எழுத்துக்கும் 19 அடிக்கோட்டுக்கும் உள்ள குறி. புள்ளியில் தொடங்கும் வரி பக்க அமைப்புக்கான ஆணை. 26 வந்தால் கோப்பு முடிந்தது. அதற்கு மேல் இருப்பது வெறும் நிரப்பல். கோப்பு படிக்கவே வரவில்லையா? அதே பெயரில் பேக் என்ற பின்னொட்டோடு ஒன்று இருக்கிறதா பாருங்கள். சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் முந்தின பிரதியை வேர்டுஸ்டார் அப்படி விட்டுவைக்கும்.

ஒரு எச்சரிக்கை. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்காகச் செய்த ஜிஸ்ட் அட்டை போட்ட இயந்திரத்தில் அடித்த தமிழ்க் கோப்புகளில் தமிழ் எழுத்துகள் எல்லாமே 128க்கு மேலேதான் இருக்கும். அதில் போய் 128ஐக் கழித்தால் தமிழ் முழுவதும் சிதறிவிடும். சொல்லின் கடைசி எழுத்து மட்டும் கோணலா, சொல் முழுவதும் கோணலா என்று பார்த்துவிட்டே கையை வையுங்கள்.

உறுப்பினர் பட்டியல்கள் பெரும்பாலும் டிபேஸ் 3 பிளஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இருக்கும். யோக்கியமான மென்பொருள், இன்றும் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளிலுள்ள கால்க் அதன் டிபிஎஃப் கோப்பை நேரே திறக்கும். அதே பெயரில் டிபிடி என்று இன்னொரு கோப்பு இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். நீளமான குறிப்புகள் அதில்தான் இருக்கும். வரிசைப்படுத்த மட்டும் உதவும் என்டிஎக்ஸ் கோப்புகள் இல்லாவிட்டால் பரவாயில்லை. டிபேஸில் 'டெலிட்' கொடுத்தால் பதிவு அழியாது. அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். 'பேக்' என்ற சுத்தம் செய்யும் ஆணையைக் கொடுக்கும்வரை உள்ளேயே இருக்கும். காலமானவர்கள், இடம் மாறிப் போன குடும்பங்கள் என்று நீக்கிய பெயர்களும் இதனால் கிடைக்கும். லிப்ரே ஆபீஸ் பேஸில் நீக்கிய பதிவுகளையும் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது.

கரண்ட் போனால் டிபேஸுக்கு ஆகாது. எத்தனை பதிவு என்ற எண்ணிக்கையைக் கோப்பின் தலைப்பகுதியில் எழுதி வைத்திருக்கும். கோப்பை ஒழுங்காக மூடாமல் இயந்திரம் அணைந்தால் அந்த எண்ணிக்கை பழையபடியே நின்றுவிடும். பதிவுகள் உள்ளே இருந்தும் கண்ணில் படாது. இதைச் சரிசெய்ய, பைட்டுகளை நேரே காட்டித் திருத்தவிடும் ஒரு ஹெக்ஸ் எடிட்டர் போதும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 4 முதல் 7 வரை உள்ள பைட்டுகள் பதிவு எண்ணிக்கை, 8ம் 9ம் தலைப்பகுதியின் நீளம், 10ம் 11ம் ஒரு பதிவின் நீளம். எல்லாவற்றிலும் சிறிய பைட் முன்னால் வரும். உதாரணத்துக்குக் கோப்பின் அளவு 40,226 பைட், தலைப்பகுதி 225, பதிவு நீளம் 80 என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் கோப்பு முடிவுக் குறி ஒன்று. 40,226இல் 225ம் 1ம் போக 40,000; அதை 80ஆல் வகுத்தால் 500. தலைப்பகுதியோ 480 என்கிறது. இருபது பேர் ஒளிந்திருக்கிறார்கள். 480 என்பது 224, 1 என்று இருக்கும். அதை 244, 1 என்று மாற்றினால் (224+256, 244+256) இருபது பேரும் வரிசையில் வந்து நிற்பார்கள். பிரதியில் செய்யுங்கள், மூலத்தில் வேண்டாம்.

1 முதல் 3 வரையுள்ள பைட்டுகள் கடைசியாகத் திருத்திய ஆண்டு, மாதம், நாள். கடிகாரம் ஒழுங்காக இருந்த இயந்திரம் என்றால், மூன்று பிளாப்பியில் மூன்று பிரதி கிடைக்கும்போது எது கடைசி என்று இது சொல்லும்.

தேதிகளில் இரண்டு கண்ணி உண்டு. எக்செலுக்கு முந்தின கணக்கு அட்டவணை மென்பொருளான லோட்டஸ் 1-2-3 வந்தது 1983இல். அது 1900ஐ லீப் ஆண்டு என்று எண்ணியது. அதோடு ஒத்துப்போக வேண்டும் என்று எக்செலும் அதே பிழையை எடுத்துக்கொண்டது. இன்றும் எக்செலில் 60ஆம் நாள் 1900 பிப்ரவரி 29தான், அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, 1900க்கு முந்தின தேதியை எக்செல் தேதியாகவே ஏற்காது. 1809இல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே ஆலயம் எழுப்பிய மாவட்டத்தில், பழைய பதிவேட்டை எக்செலில் ஏற்றினால் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் வெறும் எழுத்தாகிவிடும்; வரிசைப்படுத்த வராது. ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று தனித்தனி நெடுவரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். லோட்டஸ் கோப்பை எக்செல் 2007 முதல் திறப்பதும் இல்லை, கால்க் திறக்கும்.

இரண்டாவது கண்ணி நம்முடையது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் பழைய ஆதாரங்களும் (சொத்துப் பத்திரங்களும்) பதிவுகளும் கேரளக் காலக்கணக்கான கொல்லம் ஆண்டில் இருக்கும். டிபேஸ் திரையில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான். 1112 என்பதை 12 என்று அடித்தால் அது சத்தமில்லாமல் 1912 என்று சேமித்துக்கொள்ளும். உண்மையில் அது 1936-37. பட்டியலில் அப்பனைவிட மகன் மூத்தவனாகத் தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். கொல்லம் 1100 முதலான ஆண்டுகளில் இப்படி விழுந்த பதிவுகளில் ஆவணி முதல் டிசம்பர் கடைசிவரை 24ம், ஜனவரிக்குப் பிறகு 25ம் கூட்டினால் சரியான ஆண்டு வரும்.

வட்டிக் கணக்கு, பால் கணக்கு என்று டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழியில் எழுதிய சின்ன நிரல்கள் சிலவற்றை ஓட்டினால் "ரன்டைம் எரர் 200" என்று நிற்கும். பூஜ்யத்தால் வகுத்த பிழை என்று அது சொல்லும். பூஜ்யம் எங்குமே இருக்காது. நிரல் தொடங்கும்போது இயந்திரத்தின் வேகத்தை அளந்து 55ஆல் வகுக்கும். வேக இயந்திரத்தில் ஈவு 65,535ஐத் தாண்டுவதால் வைக்க இடமில்லாமல் அதே பிழையாக வெடிக்கும். பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸில், சைக்கிள்ஸ் என்ற வேக அளவை 3000க்கு இறக்கினால் ஓடும்.

கடைசியாகத் தமிழ். இதில்தான் நஷ்டம் மிக அதிகம், நஷ்டம் என்று தெரிவதும் இல்லை. அச்சகங்களில் புழங்கிய பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்தது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசையைத் தட்டினால் 'தமிழ்'. எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆங்கிலக் குப்பை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான இன்றைய குறியீடான யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு. என்எச்எம் கன்வெர்ட்டர் பலருக்கும் தெரிந்தது. எந்தக் கருவியானாலும் மாற்றிய பிறகு வரும் பிழைகளைக் கவனியுங்கள்.

பாமினியின் வேர் தமிழ்த் தட்டச்சுப் பொறி. அதில் துணைக்காலின் ('ா') மேல் புள்ளி வைத்தால் 'ர்', காலோடு இகரக் குறி சேர்த்தால் 'ரி'. தாளில் சரி, கணினிக்குக் கால் வேறு, ரகரம் வேறு. நம் மாவட்டத்தின் பெயரே 'கன்னியாகுமாி' என்று வரும். கண்ணுக்கு வித்தியாசம் அனேகமாகத் தெரியாது. 'கன்னியாகுமரி' என்று தேடினால் அந்தப் பக்கம் கிடைக்காது. 'அவர்கள்' என்பது 'அவா்கள்' ஆவதும் இதனால்தான். நாளிதழ்களின் இணையப் பக்கங்களிலும் இது மலிந்து கிடக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். முன்னால் ஒற்றைக்கொம்போ இரட்டைக்கொம்போ இருந்தால் கால் அதோடு போய் ஒட்டிக்கொள்ளும்: 'பெரிய' என்பது 'பொிய', 'சேர்ந்த' என்பது 'சோ்ந்த'.

தமிழில் ஒரு மெய்க்கு இரண்டு உயிர்க்குறி வராது. ஆகவே இந்தத் தவறுகளை மொத்தமாகத் தேடி மாற்றலாம், பயமில்லை. 'ொி' இருந்தால் 'ெரி', 'ோி' இருந்தால் 'ேரி', 'ொ்' இருந்தால் 'ெர்', 'ோ்' இருந்தால் 'ேர்'. பிறகு 'ாி', 'ாீ', 'ா்' மூன்றையும் முறையே 'ரி', 'ரீ', 'ர்' என்று மாற்றுங்கள்.

ஔகாரத்தில் மட்டும் அந்தத் துணிச்சல் கூடாது. தட்டச்சில் ஔகாரச் சிறகும் ளகரமும் ஒரே விசை. எனவே 'ரிங்கல்தௌபே' என்பது 'ரிங்கல்தெளபே' ஆகும். 'கௌரி' என்பது 'கெளரி' ஆகும். சரி, எல்லா 'ெள'வையும் 'ௌ' ஆக்கிவிடலாம் என்று புறப்பட்டால் 'வெள்ளி' போய் 'வௌ்ளி' ஆகும், 'தெளிவு' போய் 'தௌிவு' ஆகும், குழம்பில் கிடக்கிற கெளுத்தி மீனும் கெட்டுப்போகும். ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். பெயர்ப்பட்டியல் என்றால் அரை மணி நேர வேலை.

பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த மலர்களில் இடையிடையே ஆங்கிலம் இருக்கும். எழுத்துரு விவரம் இல்லாமல் உரையை மட்டும் எடுத்து மாற்றினால் அந்த ஆங்கிலமும் தமிழாகும்: டேக்ஸ் என்ற ஆங்கிலச் சொல் 'வயஒ' என்று வந்து நிற்கும். பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளை லிப்ரே ஆபீஸ் திறக்கும். முதலில் அதில் திறந்து ஆங்கிலப் பகுதிகளைக் குறித்துக்கொண்டு தமிழை மட்டும் மாற்றுங்கள்.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழ் எழுத்துகளுக்குப் பொதுவான டாம், டாப் குறியீடுகள் வந்தன. 2010இல் அரசு யுனிகோடை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் ஆளுக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. எனவே பழைய வன்தட்டை விற்கும் முன் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையை முழுவதுமாகப் பிரதி எடுத்துப் பிளாப்பி பிம்பங்களோடு வையுங்கள். எழுத்துருவும் போய்விட்டது என்றால், அந்தக் கோப்பிலிருந்து அச்சான ஒரு பக்கத்தையாவது தேடுங்கள். தாளையும் திரையையும் எதிரெதிரே வைத்து எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று பட்டியல் போட்டுவிடலாம். உகர, ஊகார வரிசைகளுக்குத் தனித்தனி உருவம் இருக்கும். அவற்றுக்கு ஒரு பக்கம் போதாது, நாலைந்து பக்கம் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.